ஓட்டுத் தையலில் ஒரு படகு

மேற்கு மாம்பலத்தில் முப்பத்தோரு வருடமாக ரவிக்கை தைக்கிறேன். தம்பையா ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சின்னத் தெருவில் எட்டு வீடுகள் உள்ள குடியிருப்பு. முதல் மாடியில் வீடு; கீழே, கார் நிறுத்தும் இடத்தை ஒட்டிய அறையில் கடை. இந்தத் தை மாதம் ஆரம்பித்து ஆடி முடிவதற்குள், கல்யாண ரவிக்கைகளுக்கு நடுவே, அந்தக் கார் நிறுத்தும் இடத்தில் ஒரு மரப் படகு கட்டி முடித்தேன். ஏழே முக்கால் அடி நீளம், நாலடிக்குக் கொஞ்சம் குறைந்த அகலம், நாற்பது கிலோ எடை. இதற்கு முன்னால் மரத்தில் நான் எதையும் செய்ததில்லை, உட்காரும் மணைகூட.

எதற்குப் படகு என்று பலர் கேட்டார்கள். 2021 நவம்பரில் இந்தத் தெருவில் இருந்தவர்கள் கேட்கவில்லை.

அந்த மாதம் 6-ஆம் தேதி ராத்திரி பிடித்த மழை. விடிந்தபோது தி.நகரும் மாம்பலமும் தண்ணீரில் நின்றன. ரங்கராஜபுரம் சுரங்கப்பாதை, துரைசாமி சுரங்கப்பாதை எல்லாம் மூழ்கி, ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் இருந்தவர்கள் அந்தப் பக்கம் போக முடியவில்லை. எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். மழைநீர் என்று சொல்ல மனசு வராத, சாக்கடை கலந்த கறுப்புத் தண்ணீர். இரண்டாவது மாடியில் இருக்கும் வாத்தியார் சாருக்கு வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஒரு தடவை தவறிப்போய், இரண்டாவது நாளும் தவறினால் தாங்காது என்ற நிலைமை. ஆம்புலன்ஸ் மெயின் ரோடு வரைதான் வரும். தெருப் பையன்கள் நாலு பேர் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். பாதி தூரத்தில் ஒரு பையனின் கால் தண்ணீருக்குள் தெரியாமல் இருந்த பள்ளத்தில் இறங்கியது. நாற்காலி சாய்ந்து, சார் மார்பளவு அந்தத் தண்ணீரில் விழுந்தார். டயாலிசிஸ் ஊசி போடுகிற கையை மட்டும் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். மாடி ஜன்னலிலிருந்து அவர் மனைவி கூப்பிட்ட குரல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. கையை அவர் காப்பாற்றிக்கொண்டார். காலில் இருந்த ஒரு சின்னக் காயம் வழியாகத் தொற்று ஏறி, பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

முழங்கால் தண்ணீரில் மனிதரை மனிதர் தூக்க வேண்டியதில்லை. இதைத்தான் அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். வெள்ளம் வருகிற ஒவ்வொரு தெருவிலும் ஒரு சின்னப் படகு இருக்க வேண்டும். அதைக் கட்டவும் பழுதுபார்க்கவும் தெரிந்தவர் அந்தத் தெருவிலேயே இருக்க வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் இதை எப்படித் தெரிந்துகொண்டேன் என்பது.

2015 டிசம்பரில் அடையாறு கரை உடைத்துக்கொண்டு ஜாபர்கான்பேட்டையும் சைதாப்பேட்டையும் மூழ்கியபோது நம்மைக் காப்பாற்றியவர்கள் மீனவர்கள். படகுகளை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, கேட்ட வீட்டுக்கெல்லாம் போனார்கள். அந்தக் கடன் இந்த ஊர் இன்னும் தீர்க்காத கடன். ஆனால் கடலுக்குப் போகிற ஃபைபர் படகு கிட்டத்தட்ட முப்பதடி நீளம். எங்கள் தெரு பன்னிரண்டடி அகலம், அதில் பாதி பைக்குகள். அந்தப் படகு இங்கே திரும்பாது. இந்தத் தெருவுக்கு வேண்டியது இந்தத் தெருவின் அளவுக்குத் தைத்த படகு. அளவு எடுக்கிறதுதானே என் தொழில்.

படகு மிதக்க எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பது பெரிய கணக்கில்லை. படகும் அதில் ஏறுகிறவர்களும் சேர்ந்து எத்தனை கிலோவோ அத்தனை லிட்டர் தண்ணீரை அது ஒதுக்க வேண்டும். படகு நாற்பது கிலோ, உட்காருகிறவர் அறுபது, கழி ஊன்றுகிறவர் எழுபது. மொத்தம் 170 லிட்டர். என் படகின் அடிப்பலகை தட்டை, ஏழடிக்கு மூன்றடி. அந்தப் பரப்பில் 170 லிட்டரைப் பரப்பினால் மூன்றரை அங்குலம் நிற்கும். அரை அடித் தண்ணீர் இருந்தால் இரண்டு பேருடன் படகு தரை தட்டாமல் போகும். முழங்கால் தண்ணீர் அதற்குத் தாராளம்.

எங்கள் பேட்டையில் லேக் வியூ ரோடு என்று ஒரு சாலை இருக்கிறது. அங்கே நின்று எந்தப் பக்கம் பார்த்தாலும் ஏரி தெரியாது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியை வடித்துத்தான் 1920-களில் தியாகராய நகரை உண்டாக்கினார்கள். போட் கிளப்காரர்கள் அந்த ஏரியில் படகுப் போட்டி நடத்தியிருக்கிறார்கள். ஏரி போனது, ஏரிக்கு வந்து பழகிய தண்ணீர் போகவில்லை. அது வருஷா வருஷம் வந்து தன் இடத்தைத் தேடுகிறது. ஏரியோடு சேர்த்துப் படகையும் நாம் தொலைத்துவிட்டோம் என்பது எனக்கு இந்த வேலையில் இறங்கிய பிறகுதான் உறைத்தது. உப்பும் விறகும் பக்கிங்காம் கால்வாயில் படகில் வந்து இறங்கிய ஊர் இது. இன்றைக்கு இங்கே ஒரு தெருவில் துடுப்பு என்று ஒன்று வைத்திருக்கிற வீடு எத்தனை இருக்கும்?

என் அக்கா மகன் மெர்ச்சண்ட் நேவியில் இருக்கிறான். அவன் அனுப்பிய வரைபடத்தில் அளவெல்லாம் மில்லிமீட்டர். நான் அதை அங்குலத்துக்கு மாற்றி, முதலில் சார்ட் பேப்பரில் அடிக்கு ஓரங்குலம் என்று வெட்டி ஒட்டிப் பார்த்தேன். பிளைவுட் எட்டடிக்கு நாலடியாகத்தான் கடையில் வருகிறது. நடுவில் ஒட்டுப்போடாமல் வெட்ட வேண்டும் என்பதற்காகத்தான் நீளம் ஏழே முக்கால் அடி. 1947-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் சிறுபிள்ளைகளுக்காக ஆப்டிமிஸ்ட் என்ற குட்டிப் பாய்மரப் படகை வரைந்தபோதும் இதே எட்டடிப் பலகைதான் அவருக்கு அளவு. இன்றைக்குச் சென்னைத் துறைமுகத்தில் பாய்மரம் பழகும் பிள்ளைகள் முதலில் ஏறுவது அந்தப் படகில்தான். துணியின் பன்னா எவ்வளவோ அதற்குள் ரவிக்கை வர வேண்டும். எல்லா ஊரிலும் அதே கதை.

பலகை வாங்கிய கதையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில்தான் அதிகம் பேர் ஏமாறுவார்கள். தண்ணீரில் நிற்கிற பிளைவுட்டுக்கு ஐ.எஸ். 710 என்று ஒரு தரக்குறியீடு. கடையில் ‘710 மரைன்’ என்றால் எடுத்துப் போடுவார்கள். அந்தத் தரத்தில் பலகையை 72 மணி நேரம் கொதிக்க வைத்தாலும் பசை விடக் கூடாது. நான் வாங்கிய முதல் பலகையில் முத்திரை கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, இட்லிப் பானையில் தண்ணீர் விட்டு, மேலே வராமல் இருக்க அம்மிக் குழவியைப் பாரமாக வைத்து அடுப்பை ஏற்றினேன். நாலு மணி நேரம்கூட ஆகவில்லை. துண்டு புத்தகம் மாதிரிப் பிரிந்து, ஐந்து தாளும் தனித்தனியாக மிதந்தன. தண்ணீர் காப்பி நிறம். அதை ஒரு டப்பாவில் போட்டுக் கடைக்கு எடுத்துப்போனேன். கடைக்காரர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இத யாருமே வேக வச்சுப் பாத்ததில்லம்மா” என்றார். பலகையைத் திரும்ப எடுத்துக்கொண்டார், அதற்கு நன்றி. வேறு கடையில் வாங்கிய துண்டு மூன்று நாள் கொதித்தும் பிரியவில்லை. கேஸ் சிலிண்டர் பாதி தீர்ந்தது, ஆனால் அதற்குப் பிறகு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அதற்குப் பிறகு வந்ததுதான் எனக்குத் தெரிந்த வேலை. பலகையில் வரைந்து வெட்டிய துண்டுகளைத் தரையில் போட்டால் அவை படகு மாதிரியே இருக்காது. அடிப்பலகை ஒன்று, பக்கப் பலகை இரண்டு, முன்னுக்கும் பின்னுக்கும் ஒவ்வொரு குறுக்குப் பலகை, உட்கார இரண்டு பெட்டி. எல்லாம் தட்டையான துண்டுகள். பக்கப் பலகையின் கீழ் விளிம்பு மட்டும் வில் மாதிரி லேசாக வளைந்திருக்கும். அடிப்பலகையின் விளிம்பு வேறு அளவில் வளைந்திருக்கும். வெவ்வேறு வளைவுள்ள இந்த இரண்டு விளிம்புகளை ஒன்றோடொன்று சேர்த்து இழுத்தால் பலகை வேறு வழியில்லாமல் வயிறு எடுத்து உருண்டு நிற்கும். ரவிக்கையில் டார்ட் பிடிப்பது இதே காரியம்தான். தட்டைத் துணியில் ஒரு முக்கோணத்தை மடித்துத் தைத்தால் துணி தானாக உடம்பின் வடிவத்துக்கு வருகிறது. முப்பது வருடம் துணியில் செய்ததை மரமும் செய்யும் என்று நான் நினைத்ததே இல்லை. முதல் பக்கம் வளைந்து நின்றபோது கடையில் வேலை பார்க்கும் பெண்ணைக் கூப்பிட்டேன். அவள் பார்த்துவிட்டு, “அக்கா, இது பிரின்சஸ் கட்டுக்கா” என்றாள்.

விளிம்பில் ஒரு சாண் இடைவெளியில் ஓட்டை போட்டு, செம்புக் கம்பியைக் கோத்து, கட்டிங் பிளையரால் முறுக்கி இறுக்க வேண்டும். வீட்டு வயரிங் மாற்றியபோது கழற்றிய பழைய கம்பி இதற்கு உதவியது. இது ஓட்டுத் தையல். நிற்க வைப்பதற்கு மட்டும். பலம் இதில் இல்லை. தையல் நின்ற பிறகு உள்மூலையில் எப்பாக்சி ரெசினும் மரத்தூளும் குழைத்த பசையைப் பூசி, அதன்மேல் கண்ணாடி நார்த் துணிப் பட்டையை ஒட்டினால் அதுதான் நிரந்தரத் தையல். காய்ந்ததும் கம்பியை நறுக்கி எடுத்துவிடலாம். இங்கிலாந்தில் 1960-களின் ஆரம்பத்தில் ஒரு பத்திரிகையின் ஆதரவோடு, தொலைக்காட்சியில் வீட்டுத் தச்சு வேலை சொல்லிக் கொடுத்த பாரி பக்னெல்லும், படகு வரைகிற ஜாக் ஹோல்ட்டும் சேர்ந்து மிரர் என்ற படகை இப்படித் தைக்கிற மாதிரி அமைத்தார்கள். தச்சு தெரியாத சாதாரணக் குடும்பங்கள் வீட்டுக் கூடத்திலும் கொட்டகையிலும் கட்டின. எழுபதாயிரத்துக்கும் மேல் அந்தப் படகு உருவாகியிருக்கிறது.

எழுபதாயிரம் படகு என்று படித்தபோது எனக்கு வந்தது வியப்பில்லை, ஆதங்கம். ஏனென்றால் பலகையைத் தைத்துப் படகு செய்வது மெரினாக் கரைக்குப் புதுசில்லை. துறைமுகம் வருவதற்கு முன்னால் மெட்ராஸில் கப்பல்கள் கரைக்கு வர முடியாது, ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அங்கேயிருந்து ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கொண்டுவந்தது மசூலா படகு. அதில் ஆணி கிடையாது. பலகைகளை ஓரத்தில் துளைத்து, சந்தில் வைக்கோல் திணித்து, தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். உள்ளே விலா எலும்பு மாதிரிச் சட்டங்களும் இருக்காது. ஐரோப்பியர்களின் ஆணியடித்த படகு நம் கரையின் அலையில் மோதினால் பிளந்துபோகும். தைத்த படகு அலை அடிக்கிற இடத்தில் கொஞ்சம் நெளிந்து கொடுக்கும். கொஞ்சம் தண்ணீர் கசியும், இறைத்துக்கொள்வார்கள். 1881 நவம்பரில் அடித்த புயல், கட்டிக்கொண்டிருந்த துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவரையே பெயர்த்துப் போட்டது. அந்தக் கடலில்தான் கயிறும் பலகையும் போய்வந்தன. சென்னை மாகாண மீன்வளத் துறைக்குத் தலைவராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920-இல் இந்தியப் படகுகளைப் பற்றி ஒரு பெரிய கட்டுரையே எழுதினார். வெள்ளைக்காரர் உட்கார்ந்து எழுதி வைக்கிற அளவுக்கு இருந்த அறிவைப் பற்றி, நம் பள்ளிக்கூடப் பாடத்தில் நான் ஒரு வரி படித்ததில்லை. கட்டுமரம் என்ற நம் சொல் மட்டும் உலகம் முழுக்கப் போய், இரட்டை உடல் கொண்ட படகுக்கெல்லாம் பேராகிவிட்டது.

வேலைக்கு வருகிறேன். எப்பாக்சியில் நான் ஒரு தவறு செய்தேன், யாரும் அதைத் திரும்பச் செய்யக் கூடாது. ரெசினையும் கெட்டியாக்கியையும் தராசில் கிராம் பார்த்துக் கலக்க வேண்டும். கலந்த நிமிஷத்திலிருந்து அது சூடேற ஆரம்பிக்கிறது. அடிக்கடி கலக்கச் சோம்பல்பட்டு, ஒரு நாள் பகல் பதினோரு மணிக்கு அரைக் கிலோவை உயரமான எவர்சில்வர் சொம்பில் கலந்தேன். சித்திரை வெயில். பத்து நிமிஷத்தில் சொம்பு கை வைக்க முடியாத சூடு, புகை, நெடி. வாசலுக்குத் தூக்கிப்போய் மணலில் வைத்தேன். உள்ளே இருந்தது கல். சூடு வெளியேற வழியில்லாமல் குவிந்து இருந்ததால் அது தன்னைத்தானே வேக வைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அகலமான தட்டில், நூறு கிராம் நூறு கிராமாக, விடியற்காலை ஐந்து மணிக்கு. ஏழு மணிக்குள் அன்றைய வேலையை முடித்துவிடுவேன். கையுறை இல்லாமல் தொடக் கூடாது. ஒரு வாரம் என் மணிக்கட்டு அரித்துத் தடித்தது. மரத்தூள் எங்கள் தெருத் தச்சர் கொடுத்தது, மைதா சல்லடையில் இரண்டு முறை சலித்தேன். பசை தோசை மாவு பதத்தில் இருந்தால் வழியும். வடை மாவு பதம் வேண்டும்.

விளிம்புச் சட்டத்துக்கு, இடித்த வீட்டு ஜன்னலில் இருந்த தேக்கு. அதை இழைக்க மட்டும் தச்சரை இரண்டு நாள் கூலிக்கு வைத்தேன். இழைப்புளியை எப்படிப் பிடிப்பது என்று மூன்றாவது நாள் கூலி வாங்காமல் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். பலகை, ரெசின், நார்த்துணி, பெயிண்ட், கூலி எல்லாம் சேர்த்து என் கணக்கு நோட்டில் 22,200 ரூபாய். ஆரி வேலை செய்த கல்யாண ரவிக்கை இரண்டுக்கு இன்று இந்தத் தொகை ஆகிறது. இரண்டு உட்காரும் பெட்டிக்குள்ளும் தெர்மோகோல் அடைத்து மூடியிருக்கிறேன். படகு முழுக்கத் தண்ணீர் நிரம்பினாலும் அது முழுகாது.

குடியிருப்புச் சங்கத்தில் ஆட்சேபணை வந்தது. நெடி, இடம், தீப்பிடிக்குமோ என்ற பயம். எல்லாம் நியாயமான பயம். வாத்தியார் சாரின் மனைவி கூட்டத்தில் எழுந்து, “என் வீட்டுக்காரரோட கார் நிக்கற எடத்தை எடுத்துக்கோங்கோ. அவர் இனிமே கார் ஓட்டப் போறதில்ல” என்றார். அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால், தெரிந்த கண் ஒன்று பார்க்க வேண்டும் என்று பட்டது. பெசன்ட் நகர் ஊரூர் குப்பத்திலிருந்து ஒரு பெண் பல வருடமாக என்னிடம் தைக்கிறாள். அவளுடைய மாமனார் எழுபது தாண்டியவர், கட்டுமரம் கட்டிக் கடலுக்குப் போனவர். மருமகள் ஸ்கூட்டரில் கூட்டிவந்தாள். அவர் ஒன்றும் பேசாமல் படகைச் சுற்றி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கினார். மூலை மூலையாகக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார்.

“நீ தச்சிருக்க. நாங்க கட்டுவோம். ரெண்டுமே மரத்த அடக்குற வேலதாம்மா” என்றார். அப்புறம், “உள்ள தண்ணி ஊத்துனியா?” என்று கேட்டார்.

“இல்லண்ணே, ஏரிக்குக் கொண்டுபோய்த்தான் பாக்கணும்னு இருந்தேன்.”

“ஏரியில எதுக்கு? இங்கயே ஊத்து. வெளிய வர்ற எடத்துலதான் உள்ளயும் வரும்.”

செங்கல் மேல் படகைத் தூக்கி வைத்து, குழாய் போட்டு ஒரு சாண் தண்ணீர் விட்டோம். அவர் கீழே குனிந்து ஒரு சுண்ணாம்புக் கட்டியோடு காத்திருந்தார். முன்பக்க மூலையில் ஊசி முனை அளவுக்கு ஒரு முத்து திரண்டது. வட்டம் போட்டார். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதற்கும் வட்டம். ஒரு மணி நேரத்தில் நாலு வட்டம். எந்தப் புத்தகமும் எனக்கு இதைச் சொல்லவில்லை.

அவரிடம் அன்றைக்கு நிறையக் கேட்டேன். லேசான மரமாகப் பார்த்து வாங்குவது, வாய்ச்சியால் செதுக்கி ஒன்றோடொன்று ஒட்டி உட்கார வைப்பது, கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரத்தைத் தனித்தனியாக மணலில் காயப் போடுவது. கட்டுமரத்தில் தண்ணீர் ஏறி இடுக்கு வழியாகவே இறங்கிப்போகும், அதனால் அதற்கு முழுகுவது என்பதே கிடையாது என்றார். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன. கட்டுமரம் கரையேறியது. அவர் மகன்கள் ஃபைபரில் போகிறார்கள், மோட்டாரும் வேகமும் உண்டு, அதில் தப்பில்லை. அவருடைய வாய்ச்சி மட்டும் சுவரில் மாட்டியிருக்கிறதாம். இப்படிப்பட்டவர்கள் நம் கரை நெடுக இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரையாவது ஒரு அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, சம்பளம் கொடுத்து, பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வைத்திருக்கிறோமா? சான்றிதழ் இல்லை என்றால் அவருக்குச் சான்றிதழ் கொடுக்கிற அதிகாரம் அரசிடம்தான் இருக்கிறது. இது எனக்கு ஆறாத விஷயம். அந்த வாய்ச்சியைப் பிடித்த கை இருக்கும்போதே செய்ய வேண்டிய காரியம்.

படகைத் தண்ணீரில் விட எங்கே போவது? சேத்துப்பட்டு ஏரியிலும் முட்டுக்காட்டிலும் கட்டணம் கொடுத்து அவர்கள் படகில் ஏறலாம். என் படகை நான் இறக்க இந்த ஊரில் ஒரு படித்துறை இல்லை. போரூர் ஏரி குடிநீர். அடையாற்றை ஊரே சாக்கடையாக்கி வைத்திருக்கிறது. கடைசியில் ஒரு குட்டி யானையில் ஏற்றி, மதுராந்தகம் தாண்டி என் நாத்தனார் ஊர் ஏரிக்குக் கொண்டுபோனோம். பஞ்சாயத்தில் கேட்டுக்கொண்டு, உயிர்காப்பு மேலங்கி போட்டுக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் இறக்கினோம். மூன்றரை அங்குலம் என்று நான் போட்ட கோட்டில், அரைவிரல் வித்தியாசம்கூட இல்லாமல் தண்ணீர் வந்து நின்றது. நான் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஊர்ப் பிள்ளைகள் கரையில் கத்திக்கொண்டே ஓடிவந்தார்கள். ஐம்பத்தாறு வயதில் என் கையால் செய்த ஒன்று என்னைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தது.

வடிகால் போடச் சொல்வதை விட்டுவிட்டுப் படகு கட்டச் சொல்கிறாயே, வெள்ளத்தை வாழ்க்கை என்று ஏற்றுக்கொள்ளச் சொல்கிறாயா என்று என் தம்பியே கேட்டான். கேட்க வேண்டிய கேள்விதான். 2021 வெள்ளத்துக்குப் பிறகு அரசு அமைத்த திருப்புகழ் குழு 2023-இல் அறிக்கை கொடுத்தது. மழைநீர் வடிகால் வேலைகளும் நிறைய நடந்திருக்கின்றன. மாம்பலம் கால்வாயைத் தூர்வாருவதையும் அகலப்படுத்துவதையும் நாம் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதைச் செய்வது வரி வாங்குகிறவர்களின் கடமை. ஆனால் கால்வாய் எவ்வளவு அகலமானாலும், கடல் மட்டம் ஏறி நிற்கிற நேரத்தில் ஒரே ராத்திரியில் கொட்டுகிற மழை தெருவில் சில மணி நேரமாவது நிற்கும். அந்தச் சில மணி நேரத்தில் யாருக்காவது பிரசவ வலி வரும். மாநகராட்சியும் 2024 பருவமழைக்கு முன்னால் சொந்தமாகப் படகுகள் வாங்கியது, நல்ல காரியம். கிடங்கிலிருந்து அந்தப் படகு புறப்பட்டு, மூழ்கிய சுரங்கப்பாதையைச் சுற்றிக்கொண்டு எங்கள் தெருமுனைக்கு வருவதற்குள் தண்ணீரே வடிந்துவிடும். வாங்கிய படகில் ஓட்டை விழுந்தால் யார் அடைப்பது? கட்டியவர் தெருவில் இருந்தால் அன்றைக்கே அடைப்பார்.

வார்டு அலுவலகம் பலகையும் ரெசினும் கொடுக்கட்டும். வேக வைத்துப் பார்த்த பலகையாக இருக்கட்டும். மாநகராட்சிப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு வருடத்தில் ஒரு படகு கட்டலாம். ஆர்க்கிமிடீஸ் விதியைப் பரீட்சைக்கு எழுதுவதற்குப் பதில் அதில் உட்கார்ந்து பார்க்கலாம். குப்பத்துப் பெரியவர் ஒருவர் வாரம் ஒரு நாள் சம்பளத்துக்கு வரட்டும். பழக ஒரு ஏரியில் ஒரு படித்துறை, நீச்சல் தெரிந்த ஒரு காவலாள். இதில் எதுவும் கோடிக் கணக்கில் பணம் கேட்கிற காரியமில்லை.

படகு இருந்தால் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். தெருவில் மின்சாரம் நிறுத்தியாயிற்றா என்று உறுதி செய்யாமல் யாரும் தண்ணீரில் காலையோ படகையோ வைக்கக் கூடாது. கழி மூங்கிலாக இருக்க வேண்டும், இரும்புக் குழாய் கூடவே கூடாது. கழியை முன்னால் ஊன்றிப் பார்த்துப் பார்த்துப் போனால் பள்ளம் எங்கே என்று கை சொல்லிவிடும். 2021-இல் அந்தப் பையனின் காலுக்குத் தெரியாதது அதுதான். எங்கள் குடியிருப்பில் மூன்று பேருக்கு இப்போது கழி ஊன்றத் தெரியும். அதில் ஒருத்தி பதினாறு வயசுப் பெண்.

போன ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் சாரைக் கீழே அழைத்துவந்தோம். மழைக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது, அவசரத்தில் பழகக் கூடாது என்று. படகைத் தரையில் வைத்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் காலை ஆறங்குலம் வெட்டி, உயரம் குறைந்தால் ஆட்டம் குறையும் என்பதால், நடுவில் கயிற்றால் கட்டியிருந்தேன். சார் என் தோளையும் மனைவியின் கையையும் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக உள்ளே வைத்து உட்கார்ந்தார். உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்தார்.

“உட்காரும்போது வலது கைக்குப் பிடிக்க ஒண்ணும் இல்லம்மா” என்றார். “இடது கையை நான் ஊன்ற முடியாது.”

டேப்பை எடுத்து அவர் முழங்கைக்கு அளவு எடுத்தேன். நாற்காலிக் கையிலிருந்து நாலரை அங்குலம் மேலே, கொஞ்சம் முன்னால். அந்த இடத்தில் தேக்குச் சட்டத்தில் ஒரு கயிற்றுப் பிடி தைக்க வேண்டும். இந்த வாரம் அந்த வேலை.